உப்பு இளவரசனும் இரண்டு மணல் ஓணான்களும்

முன்னொரு காலத்தில், மேகங்களுக்குப் போக வேறு ஊரே இல்லாத காலத்தில், நனைபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே காலையில் தூறும், மதியம் பெய்யும், மாலையில் கொட்டும். துவைத்த துணி காய்ந்து பார்க்காமலே கிழவர்களானவர்கள் அந்த ஊரில் உண்டு.

அந்த ஊர் இளவரசி குமுதவல்லி. எதைப் பார்த்தாலும் "ஏன் அப்படி?" என்று கேட்பாள். யானைக்கு ஏன் அவ்வளவு சின்னக் கண்? சாம்பல் ஏன் வெள்ளை? பதில் தெரியாத மந்திரிகள் அவளைக் கண்டாலே தூண் மறைவில் ஒதுங்குவார்கள். அவளுடைய அண்ணன் வீரகேது வேறு ரகம். அவன் எதையும் கேட்கமாட்டான். கண்டதைக் கையால் பிடித்துத்தான் பார்ப்பான். அப்படிப் பிடிக்கப் போய்த்தான் வினை வந்தது.

ஒரு நாள் அரண்மனை வாசலில் ஓர் ஒட்டகம் வந்து நின்றது. மேலே மணற்காட்டு மாயக்காரி. ஒட்டகத்தின் ஒரு பக்கம் ஒரு கூடை, மறு பக்கம் தோல் போர்த்திய ஒரு மூட்டை. தோலை விலக்கிப் பார்த்தால், குனிந்து கையை நீட்டியபடி வீரகேது! தலை முதல் கால் வரை உப்பாகியிருந்தான்.

"என் மணல்ல வெயில் காஞ்சிட்டிருந்த ஓணானுங்கள வாலைப் பிடிச்சுத் தூக்கினான் உங்க பிள்ளை. ரெண்டும் இந்தக் கூடையில இருக்கு," என்றாள் மாயக்காரி. "எந்தக் கை பிடிச்சுதோ, அந்தக் கையில ரெண்டும் தானா வந்து உட்காரணும். அப்பதான் இவன் மறுபடி மனுஷன். யாராவது பிடிச்சு வச்சீங்களோ, என்னைக்கும் உப்புதான்."

"இதுங்கள எப்படி வளக்கணும்?" என்று கேட்டார் ராஜா கார்வேந்தன்.

"அதுங்களையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு மாயக்காரி ஒட்டகத்தைத் திருப்பினாள்.

ராஜா மகனை மண்டபத்தில் வைத்து, சுற்றிலும் குடைக்காரர்களை நிறுத்தினார். ஆனால் நனைபுரியில் ஒழுகாத கூரை ஏது? உப்புக்கு ஈரக் காற்றே போதுமே. சீக்கிரமே வீரகேதுவின் காது மடல் மழுங்கிவிட்டது.

ஓணான்களை எப்படியாவது மகிழ்விக்க வேண்டும் என்று அரண்மனையே தலைகால் புரியாமல் ஓடியது. சமையற்காரர் சொக்கையா இளநீர் வழுக்கையும் மோர்ச்சோறும் வைத்தார். வைத்தியர் உடம்பெல்லாம் சந்தனம் பூசினார். ராஜாவோ பட்டுத் தொட்டிலில் கிடத்தித் தன் கையாலேயே விசிறினார். ஓணான்கள் சாப்பிடவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. நிறம் வேறு கறுத்துக்கொண்டே வந்தது.

"வழியெல்லாம் ஒட்டின அழுக்கு," என்றார் ராஜா. "பன்னீர்ல குளிப்பாட்டுங்க."

குளிப்பாட்டினார்கள், கறுத்தன. கறுத்ததும் கழுவினார்கள். கழுவியதும் இன்னும் கறுத்தன.

"ஏன் அப்படி?" என்றாள் குமுதவல்லி.

மூன்றாவது குளியலின்போது இரண்டும் துண்டிலிருந்து நழுவி ஓடிவிட்டன. குமுதவல்லி தேடிக்கொண்டே போனாள். சமையலறை அடுப்புக்குப் பின்னால் விறகு காயவைக்கும் சின்ன அறை. அங்கே சொக்கையா கடலை வறுத்த மணலைச் சூட்டோடு கொட்டி வைத்திருந்தார். நனைபுரி முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் காய்ந்த மணல் அது ஒன்றுதான். அதன் மேல் இரண்டும் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தன.

பிடிக்கத்தான் கையை நீட்டினாள். அவளும் வீரகேதுவின் தங்கைதானே. ஆனால், "அதுங்களையே கேளுங்க" என்றது காதில் ஒலித்தது. கையை மடக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மெல்ல மெல்லக் கறுப்பு வெளுத்தது. முதுகில் பழுப்புப் புள்ளிகள் கோலம் போட்டதுபோல் தெரிய வந்தன. கண்கள் திறந்தன.

"சொக்கையா, இதுங்க கறுப்பே இல்ல," என்று கிசுகிசுத்தாள். "குளிர்ல கறுத்திருக்கு."

"அப்ப நாம கழுவினது?"

"குளிருக்கு மேல குளிரைக் கொட்டியிருக்கோம்."

சொக்கையா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்ச் சட்டி சட்டியாக மணல் வறுக்க ஆரம்பித்தார். அரண்மனை முழுக்கக் கடலை வாசனை. அடுப்புச் சுவரை ஒட்டிச் சூடான மணல் மேடு. சூடு தாங்காமல் போனால் எங்கே போகும் என்று யோசித்து, எதிர் மூலையில் கூரை ஓடு ஒன்றைக் கவிழ்த்து ஒரு நிழலும் செய்தாள் குமுதவல்லி. ஓணான்கள் அந்த நிழலில் குழி பறித்தன. உள்ளே போயின. வரவே இல்லை.

"செத்துப் போச்சோ என்னவோ, தோண்டிப் பாரு," என்றார் ராஜா. தோண்டத்தான் வேண்டும் என்றார் வைத்தியர். கரண்டியால் லேசாகத் தோண்டலாமே என்றார் சொக்கையா. உண்மையில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் கை அரித்தது. உள்ளே எப்படி மூச்சு விடும்? தூங்குமா, பேசிக்கொள்ளுமா? இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"புது வீட்டுக்கு வந்திருக்குப்பா. கதவைச் சாத்திக்கிட்டா நாம உடைச்சுக்கிட்டா போறது?"

"உங்கண்ணன் சுண்டுவிரல் கரைஞ்சு போச்சும்மா," என்றார் ராஜா.

குமுதவல்லிக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அறையைப் பார்த்தாள். "அண்ணனுக்கும் காஞ்ச இடம்தானப்பா வேணும்? இங்க கொண்டு வாங்க."

வீரகேதுவைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீட்டிய கை மணலைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தச் சூட்டில் அவன் கரைவது நின்றது.

ஒரு காலையில் மணலில் ஒரு மூக்கு தெரிந்தது. ராஜா கை தட்டினார்; மூக்கு காணாமல் போனது. "எல்லாரும் வெளிய போங்க," என்றாள் இளவரசி. ராஜாவும்தான் போனார். மூக்கு மறுபடி வந்தபோது, அவள் ஜடையிலிருந்து ஒரு செவ்வந்தி மணலில் விழுந்து கிடந்தது. இரண்டில் பெரிய ஓணான் ஓடிவந்து அதைத் தின்றது. மோர்ச்சோறு திரும்பிப் பார்க்கப்படாத மர்மம் விளங்கிவிட்டது.

தினமும் பூ வைத்தாள். தினமும் அண்ணன் கைக்குக் கொஞ்சம் கிட்டே வைத்தாள். கடைசியில் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

பெரிய ஓணான் வந்தது, நின்றது, அந்தக் கையைப் பார்த்தது. வாலைப் பிடித்த அதே கை. ஆனால் இத்தனை நாளும் அசையாத கை. ஏறியது. பூவைத் தின்றது. சின்னது மணலிலேயே நின்றது. கையில் பூவும் மீதியில்லை. சின்னது வந்தது. பூவுக்காக இல்லை, மணலோடு சேர்ந்து காய்ந்திருந்த கையின் சூட்டுக்காக வந்தது. ஏறி, பெரியதை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

பொரிகிற சத்தத்தோடு உப்பு உதிர்ந்தது. வீரகேது கண் விழித்தான். பழக்க தோஷம், விரல்கள் மூடப் பார்த்தன.

"அண்ணா, சும்மா இரு," என்றாள் அவள்.

விரல்கள் நின்றன. ஒவ்வொன்றாக விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் இல்லை. அவன் ஓணான்கள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மெல்லக் கேட்டான்: "இதுங்க கண்ணை மூடிக்கிச்சே. ஏன் அப்படி?"

"தெரியல. உட்காரு, பாப்போம்."

ஓணான்களை அழைத்துப் போக வந்த மாயக்காரி, வாசலிலிருந்து பார்த்தாள். அவள் கூப்பிட்டும் அவை அந்தக் கையைவிட்டு இறங்கவில்லை. "இங்கயே இருக்கட்டும். ஆனா இதுங்களுக்கு வெயில் வேணுமே," என்று சிரித்துக்கொண்டே விரலைச் சொடுக்கினாள். அன்று முதல் நனைபுரியில் மத்தியானந்தோறும் மேகம் விலகி வெயில் அடிக்கிறது. ஓணான்கள் முற்றத்தில் காய்கின்றன, ஊர்க்காரர்கள் துணி காயப்போடுகிறார்கள். காய்ந்த துணியோடு இந்தக் கதையையும் மடித்து வைத்தாயிற்று.