நாற்பத்தொரு அபின் சட்டம்

முன்னொரு காலத்தில் செம்பியாற்று நாட்டைக் கங்காதர ராஜா என்று ஒருவர் ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்றால், இந்த வாரம் ஒரு சட்டம் போடுவார், மறுவாரம் அதையே தலைகீழாகப் போடுவார். நடுவில் நன்றாகச் சாப்பிடுவார்.

அந்தச் சட்டங்களை ஊர் ஊராகக் கொட்டிச் சொல்லுகிற வேலை தண்டோராக்காரன் சடையனுக்கு.

நாட்டில் அப்போது பெரிய தலைவலி அபின்தான். காவல்காரன் ஒருவன் அபின் தின்று கோட்டை வாசலில் தூங்கிவிட்டான் என்று ராஜா அபினைத் தடை செய்தார். உடனே அக்கரையிலிருந்து படகு படகாக வந்து இறங்கியது. விலை நாலு மடங்கு ஏறியது. "சரி, விற்கட்டும், வரியாவது வரும்" என்று திறந்துவிட்டார். கோயில் யானைப் பாகன் தின்று மயங்கிக் கிடக்க, யானை பாத்திரக் கடைக்குள் போய்த் திரும்பத் தெரியாமல் நின்றது. மறுபடியும் தடை.

தடை வேண்டும் என்றும், வேண்டாம் என்றும் சபையில் மாறி மாறி முழங்கியவர் ஒரே ஆள்: பிரதானி சந்திரசூடர். அனுமதி வந்தால் கடை அவர் மைத்துனருக்கு. தடை வந்தால், பிடிபட்ட அபினைப் பூட்டி வைக்கிற அறையின் சாவி அவருக்கு. பூட்டிய அறையில் சரக்கு எப்படிக் குறைந்தது என்று கேட்டால், எலி தின்றது என்பார். அந்தக் காலத்துச் செம்பியாற்று எலிகள் ரொம்ப நிம்மதியாக வாழ்ந்திருக்கும் போலிருக்கிறது.

கடைசித் தடையைக் கொட்டும்போது சடையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போட்டதை எடுத்து, எடுத்ததைப் போட்டு, மறுபடி எடுத்த தடையை இப்போது மறுபடியும் போட்டிருக்கிறோம்!" என்றான். கடைத்தெருவே சிரித்தது. சேதி கேட்டு ராஜாவும் சிரித்து, அவனுக்கு ஒரு சரிகைத் துப்பட்டா கொடுத்தார். பிரதானிக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாகக் கும்பிடு போடுகிறார், அவருக்கு ஒரு கைக்குட்டை கிடைத்ததில்லை.

மறுநாளே ஆள் விட்டுச் சடையனின் சுருக்குப்பையைச் சோதித்தார். கடைவாய்ப் பல்வலிக்குத் தினம் கொஞ்சம் தின்கிறவன்; மிளகளவு அபின் அகப்பட்டது. சட்டப்படி வலது கை வெட்டு.

அபின் இல்லாமல் மூன்று நாள் கொட்டடியில் கிடந்தான். முதல் நாள் ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். அடுத்த நாள் கோழித்தோல் போல உடம்பெல்லாம் சிலிர்ப்பு, வயிற்றில் கடப்பாறை போட்டுக் குடைவது மாதிரி வலி. மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்ததும் யோசித்தான்: 'மிளகளவு தின்றவனுக்கே இந்தப் பாடா? நெல்லிக்காய் அளவு தின்கிறவன் கதி என்ன?'

அப்படித் தின்கிற ஒருவரை அவன் தினமும் சபையில் பார்த்திருக்கிறான். பிரதானி விடிந்ததும் ஒரு உருண்டை, உச்சிக்கு முன் ஒரு உருண்டை, தங்கமூடி டப்பாவிலிருந்து எடுத்து வாயில் போடுவார். கேட்டால் லேகியம், வாயுவுக்கு. ஏழைக்குப் பல் வலித்தால் அபின். பெரிய மனிதருக்கு வாயு வந்தால் லேகியம்.

நாலாம் நாள் காலை சபை கூடியது. சேவகன் வெட்டரிவாளோடு நின்றான்.

"கடைசியாக ஏதாவது கேட்கிறாயாடா?" என்றார் ராஜா.

"மகாராஜா, உங்கள் அபின் சட்டம் நாற்பத்தொன்றையும் கொட்டிய கை இது. துண்டாகிறதுக்கு முன்னே ஒரு தரம் எல்லாவற்றையும் இந்தச் சபையில் கொட்டிவிடட்டும், சாமி."

தன் சட்டத்தைத் தானே கேட்பதைவிட ராஜாவுக்கு வேறு இன்பம் ஏது? "கொட்டு!" என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா பெயரால் தண்டோரா நடக்கும்வரை ராஜாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது, நகரக் கூடாது, வாயில் எதையும் போடக் கூடாது. ஜனங்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று பிரதானியே கொண்டுவந்த வழக்கம்.

சடையன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கு முன்னாலும் ராஜாவின் முப்பத்திரண்டு பட்டப்பெயர்களையும் இழுத்து இழுத்துச் சொன்னான். பத்தாவது சட்டத்தில் உச்சி தாண்டியது. பதினைந்தாவதில் பிரதானிக்குக் கொட்டாவி வந்தது. இருபதில் மூக்கைத் துடைத்தார்.

"சீக்கிரம் முடியேன்டா!"

"ஐயா, மகாராஜா சட்டத்தைச் சுருக்கச் சொல்கிறீர்களா?"

ராஜா முறைத்தார். "முழுசாகச் சொல்லடா!"

முப்பது வந்தபோது சடையனுக்குத் தொண்டை கட்டியது. முப்பத்தைந்தில் விரல் தோல் உரிந்தது. இன்னும் ஆறே சட்டம், அப்புறம் அரிவாள். பிரதானியோ நல்ல வெயிலில் மாரிக்கால நாய் போல நடுங்கிக்கொண்டு, இன்னமும் நின்றுகொண்டிருந்தார். 'விழவும் மாட்டேன் என்கிறாரே பாவி' என்று நொந்துகொண்டே கொட்டினான்.

முப்பத்தொன்பதாவது சட்டத்தின் நடுவில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

"மகாராஜா! தண்டோரா நடுவில் ஐயா வாயில் போடுகிறார்!"

"மருந்துடா! உயிர் போகிறது!" என்று கத்தினார் பிரதானி.

"என் பல்லுக்கும் மருந்துதானே, ஐயா?"

அரண்மனை வைத்தியர் டப்பாவை வாங்கி முகர்ந்தார். "நெய் இருக்கிறது, தேன் இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது. மற்றதெல்லாம் அபின், மகாராஜா."

சபையில் சத்தமே இல்லை, மூக்கு உறிஞ்சும் சத்தம் தவிர. அது பல பக்கத்திலிருந்தும் வந்தது. சேவகன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "யார் கையை முதலில் வெட்டட்டும், மகாராஜா?" என்றான்.

ராஜா வாயைத் திறந்தார். உத்தரவு வரவில்லை, கொட்டாவி வந்தது. அவர் கை தானாகவே திண்டுக்கு அடியில் எதையோ தேடிப் போனது. சடையன் அதைப் பார்த்தான். உடனே தலையைத் தூக்கி, உத்தரத்தில் இருந்த ஒரு புறாவை வெகு சிரத்தையாகப் பார்க்கத் தொடங்கினான். அவன் கை பிழைத்தது அந்தப் புறாவால்தான்.

ராஜா தொண்டையைக் கனைத்தார். "கைவெட்டு இன்றோடு ஒழிந்தது. பிரதானியை இவன் கிடந்த அதே கொட்டடியில் போடுங்கள். அறைச் சாவி இனி வைத்தியரிடம் இருக்கட்டும்."

"நாற்பத்திரண்டாவதாக என்ன கொட்டட்டும், சாமி? தடையா, அனுமதியா?"

"இரண்டையும் கொட்டிப் பார்த்தாயிற்றே! தின்று மாட்டிக்கொண்டவன் வைத்தியரிடம் போகட்டும். தின்ன வைத்துச் சம்பாதிப்பவன், எவனாக இருந்தாலும், என்னிடம் வரட்டும். நீ போய் வைத்தியர் வாசலில் வரிசையைப் பார்த்துக்கொள். இன்று முதல் அதுதான் உன் உத்தியோகம், சம்பளம் இரட்டிப்பு."

மறுநாள் விடியுமுன்பே வைத்தியர் வாசலில் கூட்டம். ஏழைகள் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தலைப்பாகைக்காரர்கள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒரு மூடுபல்லக்கு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக முன்னால் வந்தது.

சடையன் திரையைத் தொடவில்லை, குனிந்து கும்பிட்டான்.

"உள்ளே யார் என்று நான் பார்க்கவில்லை, சாமி. ஆனால் வரிசை அங்கே, புளியமரத்தடியில் தொடங்குகிறது."

 பல்லக்கு திரும்பிப் புளியமரத்தடிக்குப் போனது.