கிச்சிலியின் கிளையும் கேமிங் லேப்டாப்பும்

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் கிச்சிலி என்றொரு ஆண் தூக்கணாங்குருவி இருந்தது. தண்ணீருக்கு மேலே நீண்டு தொங்கும் கிளை அதனுடையது. பாம்பு ஏறினால் முள் குத்தும். முள்ளுக்குத் தப்பினாலும் கிளை நுனி வளைந்து பாம்பை ஏரியில் தள்ளிவிடும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அதைவிடப் பத்திரமான இடம் அந்தக் காட்டிலேயே கிடையாது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து உள்ளே உட்காரும், நாரை இழுக்கும், ஆடிப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு! பிடிக்காவிட்டால் பேசாமல் பறந்துவிடும்.

பாவம், கிச்சிலியின் கூட்டைப் பார்க்க வந்த எல்லோரும் பறந்துவிட்டார்கள். கூட்டில் ஒரு குறையும் இல்லை. வந்தவர்களை உட்கார்ந்து பார்க்கவே விடாமல், "என் கூடு மாதிரி உண்டா? என் நார் மாதிரி உண்டா?" என்று அது ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது. அதுதான் குறை. அது மட்டும் கிச்சிலிக்குத் தெரியவில்லை.

மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்த கிச்சிலியை ஒருநாள் மீன்கொத்தி கூப்பிட்டது. மீன்கொத்தி ஏரிக்கரைப் பொந்தில் கடை வைத்திருந்தது.

"கிச்சிலித் தம்பி! இங்க வந்து பாரு. கேமிங் லேப்டாப்! நேத்துதான் வந்துச்சு."

மூடியைத் திறந்ததும் பொத்தான்கள் சிவப்பும் பச்சையுமாக மின்னின. திரையில் ஒரு குருவி பருந்தோடு சண்டை போட்டது. அதன் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. கிச்சிலி அலகை மூட மறந்து நின்றது.

"உன் கூட்டை இதுல வரைஞ்சு வச்சா சுத்திச் சுத்திக் காட்டும். அப்புறம் எந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லும்?"

"விலை என்னண்ணே?"

"உன் கிளையைக் கொடுத்தாப் போதும். அங்க உக்காந்தா ஏரி மீன் பூரா என் கண்ணுல படும்."

கிளையா! ஆனால் கிச்சிலியின் கண் திரையை விட்டு வரவில்லை.

மீன்கொத்தி பேச்சில் கெட்டிதான், ஆனால் ஏமாற்றாது. "அவசரமே இல்ல. சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாரு. பிடிக்கலைன்னா திருப்பிக் கொடு. ஆனா ஒண்ணு, நீ தண்ணில போட்டுட்டா கிளை என்னுது!" என்றது.

"சரிண்ணே!"

நான்கு காகங்கள் மூச்சு வாங்க லேப்டாப்பைத் தூக்கி வந்தன. "எங்கப்பா வைக்கிறது?" என்று கேட்டன. கிச்சிலி சுற்றுமுற்றும் பார்த்தது. தூக்கணாங்குருவிக்கு எதையும் வைக்கத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

"கூட்டுக்குள்ள வைங்க!"

கிளை நன்றாகவே வளைந்தது. கிச்சிலி அதைக் கவனித்தால்தானே! அது பருந்தோடு சண்டையைத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குறுவை என்ற பெண் குருவி கூடு பார்க்க வந்தது.

"வா வா! இதுல என் கூட்டோட படம் காட்டுறேன் பாரு!" என்றது கிச்சிலி.

"கூடே கண்ணு முன்னால இருக்கு. படம் எதுக்கு?"

"அது வந்து... வேலைக்குத்தான் வாங்கப் போறேன்."

"வேலைக்கா? இந்தப் பருந்து உனக்கு நார் கிழிச்சுக் கொடுக்குமோ?"

கிச்சிலியின் தலை தொங்கியது. "விளையாடத்தான் ஆசை. இந்த மழைக்காலம் பூரா தனியாவே உக்காந்திருக்கேன்."

குறுவைக்கு மனசு இளகிவிட்டது. "விளையாட ஆசைப்பட்டா என்ன தப்பு? தள்ளி உக்காரு, நானும் ஆடுறேன்."

இரண்டும் சேர்ந்து பருந்தை விரட்டின. ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது! உள்ளே விசிறி குளவி போல இரைந்தது. அடியில் கூட்டு நார் சூடேறியது. இன்னும் ஒரே கொத்து, பருந்து காலி! அந்த நொடியில் திரை அணைந்துபோனது.

"சார்ஜ் போயிடுச்சு! சார்ஜரைப் போடேன்!" என்று குறுவை கத்தியது.

"கரண்டு மீன்கொத்தி அண்ணன் கடையிலதான் இருக்கு."

"நல்லா இருக்கு கதை! சரி, இதுக்கு என்ன விலை?"

"இந்தக் கிளைதான்."

"கிளையா? அப்புறம் கூட்டை எங்க கட்டுவ? லேப்டாப் மேலயா?"

கிச்சிலி பதில் சொல்வதற்குள் காற்று அடித்தது. கூட்டின் அடி நார் படபடவென்று அறுந்தது. லேப்டாப் சரிந்து, கூட்டின் மேல் நாரில் மாட்டி ஏரிக்கு மேலே ஊசலாடியது. விழுந்தால் கிளை போச்சு! கிச்சிலி லேப்டாப்பின் விளிம்பை அலகால் கவ்விக்கொண்டது. குறுவை, "மீன்கொத்தி அண்ணே! ஓடி வாங்க!" என்று அலறியது.

காகங்களும் மீன்கொத்தியும் பறந்து வந்து லேப்டாப்பைத் தாங்கிப் பிடித்தன. கூடு மட்டும் பிய்ந்து தண்ணீரில் விழுந்தது.

மீன்கொத்தி லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தது. "ஒண்ணும் ஆகல. கிளை உன்னுதுதான். இப்பச் சொல்லு, வாங்குறியா?"

"அருமையான சாமான்ணே. குறையே சொல்ல முடியாது. ஆனா அதை வைக்க எனக்கு இடமில்ல, ஓட்டக் கரண்டும் இல்ல. கிளையைக் கொடுத்துட்டு நான் எங்க போவேன்? வேண்டாம்ணே."

"அதுவும் சரிதான். மழை நாள்ல கடைக்கு வந்து ஆடிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மீன்கொத்தி கிளம்பியது.

கிச்சிலி வெறும் கிளையைப் பார்த்தது. அழுகை வந்தது. பெருமை பேச ஒன்றும் இல்லாததால் வாய் மூடி உட்கார்ந்திருந்தது.

குறுவை கிளைக்குத் தாவியது. அங்கே கூட்டின் முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அதை அலகால் இழுத்தது. தொங்கி ஆடிப் பார்த்தது.

"நாலு காக்கா தூக்கின சுமை! கூடு பிஞ்சும் முடிச்சு அவிழலையே! நானும் என் முட்டையும் இதுக்கு எம்மாத்திரம்? உக்காந்துக்கிட்டே இருக்காம போய் நார் கிழிச்சுட்டு வா!"

இந்த முறை கிச்சிலி பெருமை பேச நிற்கவில்லை. விருட்டென்று நாணல் காட்டை நோக்கிப் பறந்தது.

ஆசைப்படும் பொருள் எவ்வளவு நல்லது என்று மட்டும் பார்க்காமல், அது நம் வாழ்க்கையில் எங்கே உட்காரும், அதற்காக எதை இழப்போம் என்பதையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.