முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு நாற்பத்தெட்டு. குருவுக்குக் கண் தெரியாது. சீடருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவருக்குப் பயம் கொஞ்சம் அதிகம்.

குருவின் பெயர் பெர்னதெத். பத்தொன்பது வயதில் பார்வை போனது. அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தார். தூத்துக்குடி உப்பளச் சாலையில் விடியற்காலை ஓடுகிற அத்தனை பேருக்கும் அவர்தான் கோச்.

சீடர் இசக்கிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அறுபது அடி உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்குகிற மனிதர். தரைக்கு வந்தால்தான் கால் நடுங்கும்.

குரு பந்தயத்தில் ஓட வேண்டுமானால் பக்கத்திலேயே கண் தெரிந்த ஒருவர் ஓட வேண்டும். இருவர் கைக்கும் நடுவில் ஒரு முழக் கயிறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஓடும்போது, முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சீடரின் குதிகால் நரம்பு அறுந்தது. சீடர் விழுந்தார். கூடவே குருவும் விழுந்தார். குருவின் தோள்பக்கக் காறை எலும்பு உடைந்தது.

அந்தச் சத்தம் சீடருக்கு இன்னும் கேட்கிறது. நரம்பு அறுந்த சத்தம் இல்லை. மற்றது.

அடுத்த மாரத்தானுக்கு ஒன்பது வாரம் இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் முடித்தால் குருவுக்கு இந்திய அணித் தேர்வில் இடம்.

"கூட யாரு ஓடுதா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"அண்ணாச்சிதான்" என்றார் குரு. வேறு யாரையும் அவர் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் சீடரை இன்னும் பயமுறுத்தியது.

அன்றைக்குக் காலைப் பயிற்சியில், நான்காவது கிலோமீட்டரில் குரு சட்டென்று நின்றார்.

"என்ன கோச், தண்ணியா?"

"இல்ல. உங்க கால் சத்தம் மாறியிருக்கு."

"எப்பவும் போலத்தான ஓடுதேன்."

"போன வாரம் வரைக்கும் தப்பு தப்புனு கேக்கும். இன்னிக்கு டொக்கு டொக்குங்குது. யாரோ கடன் கேட்டுக் கதவத் தட்டுற மாதிரி. ஷூவக் கழட்டுங்க."

"ரோட்டுலயா? லாரி வருது கோச்."

"லாரிக்காரர் உங்க பாதத்தப் பாத்து மயங்கி விழ மாட்டார். கழட்டுங்க."

உப்பு லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்தது. "என்னவே, நடுரோட்டுல கோலமா போடுதீய!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்து, புழுதியோடு போனது.

குரு ஷூவைத் திருப்பி அடியைத் தடவினார்.

"இது என்ன?"

"ரப்பர்."

"டயர் ரப்பர்."

சீடர் இன்னொரு காலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யாரு ஒட்டுனா?"

"பழைய பஸ் ஸ்டாண்டுல நம்ம மாடசாமி. அடி தேஞ்சுபோச்சேன்னு கொடுத்தேன். 'அண்ணாச்சி, இனி ரோடு வேணா தேயும், இது தேயாது'ன்னு சொன்னான்."

"சரியாத்தான் சொல்லிருக்கார். இது தேயாது." குரு கட்டைவிரலை ஷூவின் பக்கவாட்டில், அடி ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தையில் வைத்தார். "இந்த இடத்த அமுக்குங்க."

சீடர் அமுக்கினார். காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. உள்ளே போகவில்லை.

"அடி புதுசு. நடுவுல இருக்கது செத்து ஒரு வருசம் இருக்கும். எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு இது?"

"ஆயிரத்து நானூறு. கூடவும் இருக்கும்."

"கால் வலி உண்டா?"

"அதெல்லாம் இல்ல கோச்."

குரு குனிந்து, சீடரின் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே ஒரு விரலை வைத்தார்.

"எம்மா!" என்று சீடர் துள்ளினார். உப்புப் பாத்தியில் நின்ற கொக்கு ஒன்று பறந்துபோனது.

"எத்தன நாளா?"

"மூணு வாரம்."

"ஏன் ஷூவ மாத்தல?"

சீடர் ரோட்டைப் பார்த்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்:

"அன்னிக்கு மாத்துனேன்லா கோச். நாம விழுந்த பந்தயத்துக்கு நாலு நாள் முந்தி. காத்து மாதிரி இருந்துச்சு. இந்தப் பழசு என்னிக்கும் என்னய ஒன்னும் செஞ்சதில்ல. புதுசுதான செஞ்சிச்சு. மறுபடியும் மாத்தி, மறுபடியும் உங்கள..."

சீடர் ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க" என்றார் குரு. "கடைக்குப் போவோம்."

"ஆறு மணிக்கு எந்தக் கடை தெறந்திருக்கும்?"

"தெறக்குற வரைக்கும் நடப்போம்."

ஷூ கடைக்காரருக்கு வாய் ஓயவில்லை.

"அண்ணே, இதப் பாருங்கண்ணே. போன வாரந்தான் இறங்குச்சு. உள்ள தகடு வச்சுருக்கான். நீங்க ஓடவே வேண்டாம்ணே, அதுவே ஓடும். நீங்க சும்மா மேல ஏறி நின்னா போதும்."

"அப்ப அத மட்டும் பந்தயத்துக்கு அனுப்பிருவோமா?" என்றார் குரு.

கடைக்காரர் குருவின் பக்கம் திரும்பினார். "அக்கா, கலரப் பாருங்க, அப்படியே மயில்..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கலர அண்ணாச்சிட்ட பேசுங்க. எனக்கு எல்லாம் ஒரே கலர்தான்."

குரு பழைய ஷூவை மேஜையில் வைக்கச் சொன்னார். புதிதாக எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்து, குதியின் உயரத்தையும் விரல் பக்கத்து உயரத்தையும் விரலால் அளந்தார். ஏழு ஜோடிகளைத் தள்ளிவிட்டார்.

"அன்னிக்கு நீங்க வாங்குனது, குதிப் பக்கம் இதவிட ஒரு விரல் தணிவு" என்றார். "குதி ஒரு விரல் கீழ போனா, நரம்பு எவ்வளவு நீளணும் அண்ணாச்சி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நரம்புக்கும் தெரியாது. நாலு நாள்ல அது எங்க போய்ப் படிக்கும்?"

எட்டாவது ஜோடி சாம்பல் நிறம். தகடு இல்லை, மயில் இல்லை. குதி பழையது போலவே இருந்தது. அதை வாங்கினார்கள். கடைக்காரர் துக்கவீட்டில் நிற்பது போல நின்று பொட்டலம் கட்டினார்.

முதல் வாரம் ஓட்டம் கிடையாது. தினமும் புது ஷூவைப் போட்டுக்கொண்டு பேக்கரி வரை நடந்து, மக்ரூன் வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

"பந்தயம் நெருங்குது, நான் மக்ரூன் வாங்கிட்டுத் திரியுதேன்" என்றார் சீடர்.

"முந்திரி கூட இருக்கதாப் பாத்து வாங்குங்க" என்றார் குரு.

அந்த நாட்களில் குருவோடு பாங்க் மேனேஜர் தேவசகாயம் ஓடினார். சீடர் பின்னாலேயே சைக்கிளில் வந்தார். தேவசகாயம் சும்மா ஓடுகிறவர் இல்லை. ரேடியோ வர்ணனையாளர் குரலில் கத்திக்கொண்டே ஓடுவார். "இதோ! இசக்கிமுத்து அண்ணாச்சி! உலகிலேயே முதன்முறையாக! மாரத்தானை மிதித்தே முடிக்கப் போகிறார்!"

எல்லாரும் சிரித்தார்கள். சீடரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு கையால் குதிகால் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது. நூறு அடி போனதும் மறுபடி தொட்டுப் பார்த்தார்.

கிரேன் ஏணியில் ஏறும்போதும் தொட்டார். சாப்பிட உட்காரும்போதும் தொட்டார். இருக்கிறது, இருக்கிறது என்று நரம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் நம்பவில்லை.

இரண்டாவது வாரம் மூன்று கிலோமீட்டர். மூன்றாவது வாரம் எட்டு. முன்னெலும்பின் வலி, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

நான்காவது வாரம் பதினாறு. அன்றைக்குத்தான் கயிறு மறுபடி சீடரின் கைக்கு வந்தது.

பத்தாவது கிலோமீட்டரில், பக்கத்தில் போன லாரியின் சக்கரத்தடியில் 'பட்' என்று ஒரு சத்தம். சீடர் அப்படியே குந்திவிட்டார். இரண்டு கையாலும் குதிகாலைப் பொத்திக்கொண்டார். கயிறு வெட்டி இழுத்ததில் குரு தடுமாறி, ஒரு கால் மண்ணில் இறங்கி நின்றார்.

"தண்ணி பாட்டில் அண்ணாச்சி" என்றார் குரு. "லாரி ஏறிருச்சு."

சீடர் கையை எடுக்கவில்லை. அவருடைய பற்கள் அடித்துக்கொள்வது குருவுக்குக் கேட்டது.

"கோச், நான் வேண்டாம். தேவசகாயம் சார் ஓடட்டும்."

"அவர் இருபதுல நின்னுருவார். இருபதுக்கு மேல அவருக்கு வர்ணனையும் வராது, மூச்சும் வராது."

"வேற யாராச்சும்..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் குரு.

சீடர் நிமிர்ந்தார். "உங்களுக்கா?"

"உங்க பழைய ஷூ சத்தத்த வச்சுத்தான் நான் ரோட்டப் படிச்சேன். மேடுன்னா ஒரு சத்தம், பள்ளம்னா ஒரு சத்தம். நீங்க ஷூவ மாத்துனீய, எனக்கு ரோடே மாறிப்போச்சு. நானும் முதல்லேர்ந்து படிக்கணும்லா? எந்திரிங்க. இன்னும் ஆறு இருக்கு."

ஐந்தாவது வாரம் இருபத்து நான்கு. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது சீடரை இன்னும் பயமுறுத்தியது. விழுந்த அன்றைக்கும் முப்பது வரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

ஆறாவது வாரக் கடைசியில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள் வந்தது.

முதல் இருபது வரை சீடர் வழக்கம் போல ரோட்டைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இடது பக்கம் பள்ளம். நாய் ஒன்னு, படுத்திருக்கு, நல்ல நாய். மணல், மணல், முடிஞ்சிருச்சு." இருபத்தைந்தில் பேச்சு பாதியானது. இருபத்தெட்டில் நின்றேபோனது.

வெயில் ஏறிவிட்டது. இரு பக்கமும் உப்புக் குவியல் கண்ணைக் குத்தியது.

"அண்ணாச்சி, ரோடு இருக்கா?" என்றார் குரு.

"இருக்கு."

இருபத்தொன்பது. முப்பது. சீடரின் மூச்சு, ஓடுகிறவனின் மூச்சாக இல்லை. துரத்தப்படுகிறவனின் மூச்சாக இருந்தது.

முப்பத்தொன்றில் அவர் நின்றார்.

"வலியா?"

"இல்ல."

"குதி?"

"நல்லாருக்கு."

"எலும்பு?"

"ஒன்னுமில்ல. ஷூவும் நல்லாத்தான் இருக்கு கோச். காலு எடுத்து வைக்க மாட்டேங்குது. முப்பத்தொன்னு இது."

"தெரியும்."

"இப்ப அறுந்தா?"

"விழுவீய."

"நீங்க?"

குரு தன் கையிலிருந்து கயிற்றை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு முழம் என்பது எவ்வளவு தூரம்? சீக்கிரமே சீடரின் கை வந்துவிட்டது. அது இறுக மூடியிருந்தது. கயிறு அதன் மேல் சுற்றியிருந்தது. விரல் நுனிகள் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தன.

"இது என்ன?"

"பிடிச்சிருக்கேன்."

"மூணு சுத்து."

"நழுவிரக் கூடாதுல்லா."

"அன்னிக்கு எத்தன சுத்து?"

சீடர் யோசித்தார். எதிரே ஒரு லாரி வந்து, கடந்து போனது.

"மூணு" என்றார்.

"அறுந்தது உங்க நரம்பு. அதனால நீங்க விழுந்தீய. நான் எதனால விழுந்தேன்?"

சீடர் தன் கையைப் பார்த்தார். அது தன்னுடையது இல்லை என்பது போலப் பார்த்தார்.

"விட்டா, நீங்க நடுரோட்டுல தனியா நிப்பீயளே கோச். லாரி வர்ற ரோடு."

"நிப்பேன். எனக்கு நிக்கத் தெரியும்."

குரு ஒரு சுற்றைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவது, சதையில் பதிந்திருந்தது, மெதுவாகப் பிரித்தார். கயிற்றின் நுனியைச் சீடரின் திறந்த உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கை மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது.

"ரெண்டு வருசமா இத ஏன் கோச் நீங்க சொல்லல?"

"நீங்க ஷூவப் பத்தி மட்டுந்தான அண்ணாச்சி கேட்டீய."

சீடர் உள்ளங்கையில் கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தயத்துக்கு மூணு வாரந்தான் இருக்கு" என்றார். "அதுக்குள்ள இந்தக் கை எப்படிப் பழகும்?"

"ஷூவுக்கு மக்ரூன் கடைலேர்ந்து ஆரம்பிச்சோம். கைக்கு இங்கேர்ந்து ஆரம்பிப்போம். இன்னும் ஒரு கிலோமீட்டர் பாக்கி இருக்கு" என்றார் குரு. "விடுறதுக்குத் தோதாப் பிடிங்க."