பாதி விலைக்கு முழு உரிமை

ஓணான்குடியை வரைபடத்தில் தேட வேண்டாம். ஊரை அளக்க வந்த சர்வேயர் சங்கிலியின் ஒரு முனையை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, "விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மறுமுனையோடு நடந்தார். பிடித்தவர் விடவே இல்லை. சங்கிலியோடு சர்வேயருக்குப் பின்னாலேயே நடந்தார். எல்லைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிறான். இந்த ஊருக்கு நீளமே இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஊரில் குடும்ப அட்டைதாரர் உரிமைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. சங்கம் என்றால் போராடும், கேள்வி கேட்கும் என்று வேறு ஊர்க்காரர்கள் நினைக்கலாம். ஓணான்குடியில் சங்கம் என்றால் மேசைக்கு விரிப்புப் போடுவது. தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். யாராவது எதிர்ப்பார் என்று தெரிந்தால் அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கையைத் தூக்குவார்கள். அவர் வந்து டீயைக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் தானும் கையைத் தூக்குவார்.

செயலாளர் சொர்ணலிங்கத்துக்கு இந்த ஒழுங்கில் பெருமை உண்டு. ஆனால் அந்த மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஓணான்குடி ரேஷன் கடையை மூடி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பனஞ்சேரிக் கடையோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் மனு கொடுக்கலாம்.

"கடை போயிட்டா அரிசி மூட்டையோட யாரு ஆத்துல இறங்கி வர்றது?" என்று கேட்டாள் மனைவி செல்லக்கிளி.

"அதைச் சங்கம் முடிவு பண்ணும்."

"சங்கத்துக்கு முதுகு இருக்கா?"

சொர்ணலிங்கம் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மனு போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. சங்கத்துக் கணினியில் இருந்த 'பனையோலை' என்ற தட்டச்சு மென்பொருள் ஆதிகாலத்தது. அதில் அடித்ததைத் தாலுகா ஆபீஸ் கணினியில் திறந்தால் கட்டமும் கொக்கியுமாகத் தெரிந்தது. இப்போதைய எழுத்துருவில் அனுப்பினால்தான் பார்ப்போம் என்றார்கள். கையால் எழுதித் தரலாமா என்று கேட்கச் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அது வேறு ஊர்.

தலைவர் வைரக்கண்ணு, பொருளாளர் மாரிக்கொழுந்து, சொர்ணலிங்கம் மூவரும் டவுனில் கணினிக் கடை வைத்திருந்த முகைதீனிடம் போனார்கள்.

"புதுப் பனையோலை முழு விலைக்கு உங்க சங்கம் தாங்காது. பழசை முறைப்படி வெச்சிருக்கறவங்களுக்குப் பாதி விலை. உங்ககிட்ட இருக்கறது எப்படி வந்தது?" என்று கேட்டார் முகைதீன்.

"ஒருத்தர்கிட்ட நகல் எடுத்தோம். ரொம்ப வருஷமா வெச்சிருக்கோம். ரொம்பப் பத்திரமா" என்றார் வைரக்கண்ணு, விருது வாங்க வந்தவர் மாதிரி.

"அது திருட்டு நகல் தலைவரே. செல்லாது. காசு கொடுத்து வாங்கின பழசை யாராவது விப்பாங்க. அதை வாங்கிக்கங்க, சட்டத்துல இடம் இருக்கு. டப்பா, வட்டு, உரிமப் பத்திரம் எல்லாம் உங்க கைக்கு வரணும். வித்தவர்கிட்ட ஒரு நகல்கூட மிஞ்சக் கூடாது. அப்புறம் அது உங்க சொத்து. அதைக் காட்டினா புதுசு பாதி விலை."

இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஓணான்குடிக்கும் புரிந்தது. தேவைக்கு மேல் புரிந்தது.

பனஞ்சேரியில் தைரியநாதன் என்பவர் தட்டச்சு நிலையம் நடத்தி, கண் மங்கியதால் சமீபத்தில்தான் மூடியிருந்தார். காசு கொடுத்து வாங்கிய பழைய பனையோலை அவரிடம் இருந்தது; மூவரும் போய் விலை பேசினார்கள். தூசு தட்டி டப்பாவைக் கொடுத்தார், வட்டைக் கொடுத்தார், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், தன் கணினியிலிருந்து அவர்கள் கண்ணெதிரே அழித்தும் காட்டினார். நல்ல மனிதர். அதுவே அவர் செய்த தப்பு.

சொர்ணலிங்கம் சுவரைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை.

"அது?"

"என் மக கல்யாணத்துது."

"எதுல அடிச்சீங்க?"

"பனையோலையிலதான்."

சட்டத்தோடு கழற்றிக்கொண்டார்கள். பிறகு பனஞ்சேரித் தெருக்களில் இறங்கினார்கள். தைரியநாதன் அடித்துக் கொடுத்த பத்திரிகைகள், வாடகைக்கு விடப்படும் என்ற அட்டைகள், மளிகைக் கடை விலைப்பலகை எல்லாம் சாக்குக்குள் போயின. இழவு வீட்டு வாசலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியை வைரக்கண்ணு உரித்தபோது அந்த வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்கள். அடி வாங்கிக்கொண்டே உரித்து முடித்தார். கொள்கைக்காக அடி வாங்கியவர்கள் உண்டு. சுவரொட்டியின் பசைக்காக அடி வாங்கியது அவர் ஒருவர்தான்.

மறுநாள் சங்கம் கூடியது.

"இன்னும் ஒரு நகல் பாக்கி இருக்கு" என்றாள் மாரிக்கொழுந்து.

"எங்க?"

"அந்த ஆளு மண்டைக்குள்ள. எந்த விசையை அமுக்கினா எந்த எழுத்து வரும்னு அவருக்கு மனப்பாடம்."

கூட்டம் மொத்தமும் தன் மண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"அப்ப மண்டையையும் வாங்கணுமா?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

"அதுக்குத் தனி டப்பா இருந்த மாதிரி தெரியலையே" என்றார் சொர்ணலிங்கம்.

"மறந்துடச் சொல்லுவோம். மறந்தாரா இல்லையான்னு செயலாளர் போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்றாள் மாரிக்கொழுந்து.

கைகள் தூக்கப்பட்டன. அன்றிலிருந்து தினமும் காலையில் சொர்ணலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தார். ஆற்றைக் கடக்காமல் இருப்பதற்காக ஆற்றைக் கடக்கிறோமே என்று ஒரு நாளும் அவர் நினைக்கவில்லை.

"ஐயா, 'ழ' எங்க இருக்கு?"

"இடது கை, கீழ் வரிசை, ஓரத்துல."

"ஞாபகம் இருக்கே" என்று வருத்தத்தோடு திரும்பிவிடுவார்.

மாதம் முடியப்போகிற நேரத்தில் தைரியநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் வாசலுக்கு வருமுன்பே உள்ளேயிருந்து சொன்னார்: "'ழ'வா? அப்படி ஒரு எழுத்து இருக்கா என்ன? நீங்க யாரு? நான் யாரு?"

சொர்ணலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பூரணமா மறந்துட்டீங்கய்யா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்திரத்தைக் காட்டியதும் முகைதீன் புதுப் பனையோலையைப் பாதி விலைக்குக் கொடுத்தார். தானே வந்து கணினியில் ஏற்றியும் கொடுத்தார். கிளம்பும்போது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "இது ஒருத்தர் பயன்பாட்டுக்கான உரிமம். ஒரே ஒருத்தர்தான் பயன்படுத்தணும், பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனுவின் வரைவு தயாராக இருந்தது. அதில் ஊரின் எல்லாக் குடும்பங்களும் இருந்தன. மாரிக்கொழுந்துவின் முழங்கால், வைரக்கண்ணுவின் குடல் இறக்கம், ஆற்றில் இறங்கமுடியாத கர்ப்பிணிகள், பார்வையில்லாத மாடசாமி, எல்லாரும்.

"என் முழங்காலை இதுல அடிச்சா, பயன் யாருக்கு?" என்று கேட்டாள் மாரிக்கொழுந்து.

"உனக்குத்தான்."

"அப்ப நானும் பயன்படுத்தின மாதிரிதானே?"

வைரக்கண்ணு உரிமப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். "தப்புத்தான். ஒருத்தருக்குத்தான் உரிமை. அடிக்கிறது செயலாளர். அவரு குறை மட்டும் இருக்கட்டும்."

"என் முழங்காலை எடுத்துடுங்கண்ணே. சட்டம்னா சட்டம்."

"என் குடலையும் எடுத்துடுய்யா."

இத்தனை வருஷம் திருட்டு நகலில் வாழ்த்து மடல் அடித்துக் கைதட்டியவர்கள், இப்போது வரிசையில் நின்று தங்கள் வலியை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு நீக்கினார்கள். மாடசாமி மட்டும் "நான் எப்படியும் அதைப் படிக்கப்போறதில்லையே, என் பேரு இருந்தா என்ன?" என்றார். அவரை டீ வாங்க அனுப்பினார்கள். முடிவில் சொர்ணலிங்கம் மட்டும் மிஞ்சினார்: தனக்கு முதுகு வலி என்றும், ஆகவே தன் அட்டைக்கு ஓணான்குடியிலேயே அரிசி வேண்டும் என்றும்.

தாலுகா ஆபீஸில் எழுத்துகள் முத்து முத்தாகத் தெரிந்தன. இவ்வளவு சின்னக் கோரிக்கையை அவர்கள் பார்த்ததே இல்லை. உடனே உத்தரவு வந்தது: சொர்ணலிங்கத்தின் அட்டைக்காக ஓணான்குடிக் கடை தொடரும், மற்ற அட்டைகள் அனைத்தும் பனஞ்சேரிக்கு.

பட்டாசு வெடித்தார்கள். சொர்ணலிங்கத்துக்கு மாலை போட்டார்கள். "கேட்டது கேட்டபடி கிடைச்ச ஒரே மனு நம்ம மனுதான்" என்று வைரக்கண்ணு பேசினார். குடல் இறங்கியதால் உட்கார்ந்துகொண்டே பேசினார்.

அடுத்த மாதம் அரிசி போடும் நாள். ஒற்றை மூட்டையையும் தராசையும் வைத்துக்கொண்டு விற்பனையாளர் வாசலில் நின்றார். ஊர் முழுக்கப் பையும் சாக்குமாக ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போனவர் சொர்ணலிங்கம்.

"யோவ், உமக்காகத்தான் கடையே திறந்திருக்கேன்."

"ஊரே தண்ணியில இறங்கறப்ப செயலாளர் மட்டும் கரையில நின்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பனஞ்சேரியில் அவர் அட்டை செல்லாது என்றார்கள். அதனால் என்ன? தலைவரின் மூட்டையையும் பொருளாளரின் மூட்டையையும் மாற்றி மாற்றிச் சுமந்து இக்கரை சேர்த்துவிட்டு, நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்தார். அதற்குள் விற்பனையாளர் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"நம்ம அரிசி எங்க?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"பத்திரமா கடைக்குள்ள இருக்கு" என்றார் சொர்ணலிங்கம். "நமக்கு மட்டும்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு. இனிமே அதை ஒருத்தரும் தொட முடியாது. இன்னைக்கு நானே தொடலை, பார்த்துக்க."