வீட்டுக்காரர் வீடாகிப் போன கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, பல்லி பேசினால் மனுஷர் பதில் சொன்ன காலத்தில், பொன்வயல் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஓர் ஓட்டு வீட்டில் மாரப்பன் என்கிற வண்டிக்காரரும் அவர் மனைவி செண்பகமும் குடியிருந்தார்கள். மாரப்பன் தங்கமான மனுஷர். ஊரில் யார் வண்டி அச்சு முறிந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் அவருக்குக் கை எழும்பாது.

"ஏங்க, கூரை ஒழுகுது."

"நாளைக்குப் பார்க்கலாம் செண்பகம்."

"ஏங்க, கதவு தரையில் இழுபடுது."

"நாளைக்குப் பார்க்கலாம்."

"ஏங்க, மேற்குச் சுவரில் விரிசல் விட்டிருக்கு. என் விரலே உள்ளே போகுது."

"விரலை எதுக்கு விடுறே? நாளைக்குப் பார்க்கலாம்."

அந்த நாளை வருவதற்குள் ஒரு மந்திரவாதி வந்துவிட்டான். புரட்டாசியில் ஒரு சாயங்காலம் திடீர் மழை பிடித்தது. ஆலகாலன் என்கிற அந்த மந்திரவாதி நனையாமல் இருக்க அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். அவன் மடியில் ஆயுசு முழுக்கச் சேர்த்த மாயப்பொடி இருந்தது. சரியாக அந்த மடியில் சொட்டு, சொட்டு, சொட்டு என்று விழுந்தது. பொடி கூழாகிப் போனது.

ஆலகாலனுக்கு வந்ததே கோபம். "இந்த வீடு அழுறது உன் காதிலேயே விழலையா மாரப்பா? அப்படின்னா நீயும் இதுக்குள்ளேயே போ. அது படுறதை நீயும் படு," என்று விரலில் ஒட்டியிருந்த கூழை அவர் மேல் உதறினான். அவ்வளவுதான். மாரப்பன் மண்ணில் தண்ணீர் இறங்குவது போலச் சுவருக்குள் இறங்கிப் போனார்.

செண்பகம் மந்திரவாதியின் காலில் விழுந்தாள். அவனுக்கும் மனசு இளகியது. "போட்டதைத் திருப்பி எடுக்க என்னிடம் பொடி இல்லை, தாயே. ஒரு வழி இருக்கு. வீட்டின் குறையெல்லாம் குடியிருக்கிற உன் கையாலேயே தீரணும். கூலிக்கு ஆள் தொட்டால் சாபம் நிலைச்சுடும். ஐப்பசி அடைமழை வரும். அன்றைக்கு ஒரு சொட்டும் உள்ளே விழலைன்னா அவன் வருவான். விழுந்தால் சுவரோடு அவனும் இடிஞ்சு போவான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "எங்கேடி உன் வீட்டுக்காரர்?"

"வீட்டில்தான் இருக்கார் அக்கா," என்றாள் செண்பகம். அது பொய்யில்லையே.

உள்ளே வந்து சுவரில் முகத்தைப் பதித்து அழுதாள். சுவருக்குள்ளிருந்து மாரப்பன் குரல் வந்தது: "அழாதே செண்பகம். ஈரம் பட்டால் சுவர் ஊறிடும்."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். பிள்ளையாரைக் கும்பிட்டு ஏணியை எடுத்தாள். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓடு ஒன்றை மாற்றினாள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சொட்டு, சொட்டு, சொட்டு.

விரிசலுக்குள்ளிருந்து ஒரு பல்லி தலையை நீட்டியது. "நேர் மேலே தேடாதே அம்மணி. தண்ணீர் மேட்டில் நுழைஞ்சு, மரச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே இறங்கி வந்து இங்கே சொட்டுது. இன்னும் மேலே போ."

"உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?"

"உன் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்தான் என் குடித்தனம். அவர் விழுந்தால் நானும் தெருவுக்கு வரணும்."

செண்பகம் மேலே போனாள். ஓடு உடையாதபடி சட்டம் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கால் வைத்தாள். முகட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓடு கீறியிருந்தது. மாற்றினாள். தண்ணீர் ஊற்றினாள். சொட்டு நின்றது.

"தலைவலி விட்டுது," என்றது சுவர்.

அடுத்தது கதவு. அடியைச் செதுக்கலாம் என்று இழைப்புளியை எடுத்தாள்.

"பொறு அம்மணி, பொறு," என்றது பல்லி. "உரசுறது அடியில், நோவு மேலே. மேல் கீலைப் பார்."

பார்த்தாள். மேல் கீலின் ஆணி தளர்ந்து, கதவு தொங்கிப் போயிருந்தது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் மூங்கில் சிம்பு அடித்து நிரப்பி, திரும்ப ஆணியை இறக்கினாள். கதவு காற்றாகத் திறந்தது.

"முட்டிப் பிடிப்பு போயே போச்சு," என்றது சுவர்.

மூன்றாவது, மேற்குச் சுவர் விரிசல். இதற்கு என்ன செய்ய என்று கேட்டபோது, அவ்வளவு பேசிய பல்லி வாயை மூடிக்கொண்டது. செண்பகம் தனக்குத் தெரிந்தபடி மேலாகச் சாந்து பூசினாள். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது. காலையில் அதே இடத்தில் விரிசல், முன்னைவிட நீளமாக. வானத்தில் ஐப்பசி மேகம் திரண்டுகொண்டிருந்தது. மாரப்பனுக்கு மூச்சு வாங்கியது.

செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். "பல்லியம்மா, உனக்குத் தெரியும். சொல்லிடு."

"மேல்பூச்சு நிற்காது," என்றது பல்லி, தலையைக் குனிந்துகொண்டு. "விரிசலைக் கொத்தித் திறக்கணும். தூசியைத் தட்டி, தண்ணீர் காட்டி, அப்புறம்தான் சாந்து. முதல்லேயே சொல்லியிருப்பேன். உள்ளே என் முட்டை இருக்கே."

செண்பகம் ஒன்றும் திட்டவில்லை. அவளும் ஒரு மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள்தானே. பஞ்சை மெத்தையாக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு மாடத்தில் வைத்தாள். பிறகு உளியை எடுத்தாள். சுவரில் வைத்தவள் திரும்ப எடுத்துவிட்டாள்.

"உளி வைச்சால் உங்களுக்கு வலிக்குமேங்க."

"வலிக்கும். நாளைக்குப் பார்க்கலாம்னுதான் வாய் வருது. கேட்காதே. நான் கத்தினாலும் நிறுத்தாதே," என்றது சுவர்.

"சாமி, என் கையை நீ பிடிச்சுக்கோ," என்று அவள் முதல் அடி அடித்தாள். சுவர் முனகியது. அடிக்க அடிக்க அவள் பேச்சுக் கொடுத்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க மாடு என் மாலையைத் தின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

"பாதி மாலைதான் தின்னுச்சு."

"மிச்சம் பாதியைத்தான் உங்க கழுத்தில் போட்டேன்."

சுவர் சிரித்தது. சிரித்த சிரிப்பில் தளர்ந்திருந்த காரை தானாகவே உதிர்ந்தது.

திறந்த விரிசலைத் துடைத்தாள். தண்ணீர் தெளித்தாள். சுண்ணாம்புச் சாந்தை உள்ளே, இன்னும் உள்ளே என்று அழுத்தி நிரப்பினாள். சாந்து சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் காய்ச்சல்காரருக்கு நெற்றியில் போடுகிற மாதிரி ஈரத்துணி போட்டு, மாற்றி மாற்றி நனைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கல் மெல்லமெல்லத் தணிந்தது. அப்புறம் அவர் குரலே கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் வானம் கறுத்து அடைமழை இறங்கியது. செண்பகம் மூலை மூலையாகப் போய் அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. கதவடி காய்ந்திருந்தது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அதுவும் காய்ந்திருந்தது.

அப்போது அவள் பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. "சாமி, எந்த ஓட்டையை விட்டேன்?" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மழைத்தண்ணீர் எங்கே வெதுவெதுப்பாக இருக்கும்?

திரும்பினாள். நெஞ்செல்லாம் சுண்ணாம்பு ஒட்ட, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூடத் தெரியாமல், மாரப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லார் வீட்டு மேலும் சாமி நன்றாக மழை பெய்யட்டும். யார் வீட்டுக்குள்ளும் பெய்ய வேண்டாம்.