புளியங்கொட்டையும் ராஜாவின் எடையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குக் காலையில் தோன்றியது மதியத்துக்குள் சட்டமாகிவிடும் நாளில், செண்பகவர்மன் என்றொரு ராஜா இருந்தார். தம் நாட்டுப் பிள்ளைகள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது. பிரதானி கனகசபேசர் வழி சொன்னார். பள்ளிக்குப் பத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கேள்விகள். சரியான விடைக்கு ஒரு புளியங்கொட்டை, அந்தப் பள்ளியின் பானையில். நிறைந்த பானையின் வாத்தியாருக்குப் பட்டுச் சால்வை. குறைந்த பானைக்கு எச்சரிக்கை. மறுவருஷமும் குறைந்தால் வாத்தியாரை விரட்டிவிட்டுப் பள்ளிக்குப் பூட்டு.

இரண்டு வருஷமும் அரண்மனைப் பள்ளியே முதலில் வந்தது. அதன் வாத்தியார் பிரதானியின் மருமகன் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இரண்டு வருஷமும் கடைசியில் வந்தது ஓடக்காரர் பிள்ளைகள் படிக்கும் துறைப் பள்ளி. "யானைக்குத் தழை அடுக்க நல்ல கட்டடம்" என்றார் பிரதானி.

துறைப் பள்ளி வாத்தியார் மாசிலாமணி, அரசவை விகடகவி பிச்சாண்டியிடம் போனார்.

"பிள்ளைங்க நல்லா வந்துட்டு இருக்காங்க ஐயா. போன வருஷம் எந்தக் கேள்வியில கொட்டை விழலைன்னு பார்த்தேன். வாய்ப்பாடு எல்லாருக்கும் வருது, படிச்சதுக்கு அர்த்தம் சொல்லத்தான் வரல. இந்த வருஷம் பாதி நேரம் அதுக்கே கொடுத்தேன். இன்னும் ஒரு வருஷம் கிடைச்சா போதும்."

"சால்வை வாங்கினவரும் அப்படிப் பார்த்தாராமா?"

"அவருக்கு எதுக்கு? அவர் பானைதான் நிறைஞ்சிருக்கே."

பிச்சாண்டி சபையில் வாத்தியாருக்காகப் பேசினார். பிரதானி அதற்குத்தான் காத்திருந்தார்.

"மகாராஜா, விகடகவிக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால் கடைசிப் பானையை முதல் பானையாக்கிக் காட்டட்டும். ஒரு கொட்டைகூடச் சேர்க்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. முடியாவிட்டால் வாத்தியாரோடு இவரும் எல்லை தாண்டட்டும்."

"நல்ல வேடிக்கை" என்றார் ராஜா. "நாளை என் பிறந்தநாள் துலாபாரம் முடிவதற்குள் செய்."

"உத்தரவு. போன வருஷப் பானைகளையும் கொடுத்தால் போதும்" என்றார் பிச்சாண்டி.

"அவை எதற்கு?" என்றார் பிரதானி. முதலிடம் யாருக்கு என்று தெரிந்த அன்றே அவற்றை உக்கிராணத்தில் போட்டு மறந்திருந்தார்கள். சிலந்திகள் மட்டும்தான் அவற்றை ஒழுங்காகப் பார்வையிட்டு வந்தன.

மறுநாள் கோயில் மண்டபத்தில் ராஜா ஒரு தட்டில் ஏற, மறு தட்டில் வெல்லச் சிப்பங்கள் ஏறின. போன வருஷம் எட்டு. இந்த வருஷம் ஆறிலேயே தட்டு சமமாயிற்று. வருஷம் முழுக்கக் கொள்ளுக் கஞ்சி கொடுத்த வைத்தியரை ராஜா பெருமையோடு பார்த்தார்.

பிச்சாண்டி சேவகர்களைக் கூப்பிட்டார். "வைத்தியரைப் பிடித்துக் கட்டுங்கள்."

"என்ன உளறல் இது?" என்றார் ராஜா.

"பிரதானி நான்கு சிப்பம்கூடத் தேற மாட்டார். நான் மூன்று. இங்கே எல்லோரையும் நிறுத்தாலும் மெலிவில் மகாராஜாதான் கடைசி. கடைசியில் வந்தால் பொறுப்பானவரை விரட்டுவதுதானே நம் சட்டம்?"

ராஜாவின் முகம் சிவந்தது. "மூடனே, என்னை ஏன் அவரோடு நிறுக்கிறாய்? போன வருஷத்து என்னோடு நிறுத்துப் பார். இரண்டு சிப்பம் இறங்கியிருக்கிறேன். அந்தக் கஞ்சியைக் குடித்துப் பார்த்தால் தெரியும் உனக்கு."

"அந்தக் கஞ்சியைத்தான் துறைப் பள்ளியும் குடித்தது, மகாராஜா."

சில்லறை வெல்லம் நிறுக்கும் சின்னத் தராசு பக்கத்தில் இருந்தது. பிச்சாண்டி அதன் ஒரு தட்டில் துறைப் பள்ளியின் போன வருஷக் கொட்டைகளைக் கொட்டினார், மறு தட்டில் இந்த வருஷத்தவற்றை. இந்த வருஷத் தட்டு தடக்கென்று தரையைத் தொட்டது. ஒவ்வொரு பள்ளியாக நிறுத்தார். எதுவும் அவ்வளவு இறங்கவில்லை. முடிவில் அரண்மனைப் பள்ளி. இறங்கியது போன வருஷத் தட்டு.

பிரதானி தராசின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். முள் சரியாகத்தான் இருந்தது.

ராஜா பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் அரண்மனைப் பள்ளியைப் பூட்டிவிடலாமா?"

"அங்கும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள், மகாராஜா. பானையில் விழாத கொட்டைதான் நாளைய பாடம். அதை எப்படிப் பார்ப்பது என்று மாசிலாமணி வாத்தியார் சொல்லித் தருவார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வயிறும் போன வருஷத்தைவிடக் குறைவாகவே குலுங்கியது. "என்ன பரிசு வேண்டும், கேள்."

"இந்த வருஷம் மிச்சமான இரண்டு சிப்பம் வெல்லத்தைத் துறைப் பள்ளிக்குக் கொடுங்கள். எனக்கு ஒரு கட்டி போதும்."

அப்படியே ஆயிற்று. யானைத் தழை வேறு இடம் பார்த்துக்கொண்டது. அன்றுமுதல் துறைப் பள்ளிப் பிள்ளைகள் பாடம் தொடங்குமுன் கண்ணை மூடி, ராஜா இன்னும் மெலிய வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டார்கள்.