டாப்பைத் திறந்தால் பேஸ் இல்லை

"மாஸ்டர், டாப்பைத் தொறந்தா பேஸ் நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் அருள்தாஸ்.

ரஷீதா மாஸ்டர் ஒரு காரின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க போகுது?"

"வெளிய போயிருதுங்க."

"போயித் தேடிப் பாத்தீங்களா?"

அருள்தாஸ் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அருள்தாஸுக்குக் காந்திபுரத்தில் சொந்தக் கடை. கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டுகிற வேலை. பாட்டில் தும் தும்மென்று அதிர்கிற கனத்த சத்தத்துக்குத்தான் இந்தத் தொழிலில் பேஸ் என்று பெயர். வயதில் ரஷீதாவைவிட மூத்தவர்தான். ஆனால் ரஷீதா வேலை செய்த வண்டி ஒன்றில் ஒருமுறை உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். மறுநாளே உக்கடத்தில் இருக்கும் ரஷீதாவின் ஷெட்டுக்கு வந்து சிஷ்யனாகச் சேர்ந்துவிட்டார்.

கோயம்புத்தூரில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ரஷீதா, மாஸ்டர்தான். சந்தேகம் கேட்டால் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் அந்த அம்மாவுக்குக் கிடையாது. அதனாலேயே சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அருள்தாஸ் நிறுத்தவில்லை. அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

காரணம் இதுதான். அவர் கடைக்கு எதிரில் கண்ணாடியும் ஏசியுமாக ஒரு புதுக் கடை வந்துவிட்டது. வாடிக்கையெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் மில்காரர் மகன் கிருபாகரன் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஓப்பன் டாப் வண்டி. பட்டனை அமுக்கினால் கூரை எழுந்து, மடங்கி, டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"டாப்பைத் தொறந்துட்டுப் போகும்போதும் பேஸ் நெஞ்சுல அடிக்கணும்" என்று சொல்லியிருந்தார் கிருபாகரன்.

அவருக்குப் பிடித்துவிட்டால் நாலு பேரிடம் அருள்தாஸ் பேரைச் சொல்வார். கடை பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். இத்தனை வருஷம் உழைத்தும் ஊரில் பேர் வாங்கவில்லையே என்கிற ஏக்கம் வேறு அவரை அரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே பேஸைத் தேடிப் போனார்.

கிருபாகரனை டாப்பைத் திறந்து வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு, ரோட்டோரம் நின்று கவனித்தார்.

திரும்பி வந்ததும் முகமெல்லாம் பிரகாசம்.

"கண்டுபிடிச்சிட்டனுங்க மாஸ்டர்!"

"எங்க இருக்குது?"

"டீக்கடைக் கண்ணாடியில இருக்குதுங்க. மருந்துக்கடை ஷட்டர்ல இருக்குது. எதிர் வீட்டுத் தொட்டில்லகூட இருக்குது. கொழந்த முழிச்சு வீல்னு அழுதுருச்சு. அதோட அம்மா வெளிய வந்து வண்டிக்காரரைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிருச்சு."

"வண்டிக்காரருக்குக் கேட்டுச்சா?"

"அந்தம்மா திட்டுனது கேட்டுச்சுங்க. பேஸ்தான் கேக்கலை."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"இன்னும் ரெண்டு சப்வூஃபர் சேக்கலாம்னு இருக்கறனுங்க."

மாஸ்டர் "ம்" என்றார். அது சரி என்பதா, தலையெழுத்து என்பதா என்று அருள்தாஸுக்குப் புரியவில்லை. சரி என்றே எடுத்துக்கொண்டார்.

டிக்கியில் முதலில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துவிட்டு, டிக்கி முழுக்க அடைக்கிற மாதிரி ஒரு புதுப் பெட்டி அடித்தார். அதில் பேஸுக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், அதாவது சப்வூஃபர், நாலு. தொழில் வழக்கப்படி கடை ஷட்டரை இறக்கி, வண்டியின் கூரையையும் கதவுகளையும் மூடி, வெளிச்சத்தம் வராமல் செய்துகொண்டார். சத்தம் அளக்கிற மீட்டரை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு வெளியே நின்று சரிபார்த்தார். மீட்டர் எகிறியது.

வண்டியை உக்கடத்துக்கு ஓட்டி வந்தார்.

"இனி பேஸ் எங்கயும் போகாதுங்க மாஸ்டர்."

"டாப்பைத் தொறங்க, பாக்கலாம்."

பட்டனை அமுக்கினார். கூரை எழுந்தது. பாதி மடங்கியது. டக்கென்று அந்தரத்தில் நின்றுவிட்டது. அது படுக்க வேண்டிய இடத்தில் அருள்தாஸின் பெட்டி உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இப்ப டாப்பைத் தொறந்தா பேஸ் போகுதா?"

"டாப்பே தொறக்கலைங்களே."

"அப்ப உங்க பிரச்சினை தீந்துருச்சு."

அருள்தாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேலி பண்றீங்களா மாஸ்டர்? எனக்குக் கடையே போகப்போகுது! புரியற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கி வைத்திருந்த இரண்டு டீயையும் அப்படியே விட்டுவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தின் கடைசிவரை நடந்துபோனார். சுவரோரம் நின்று ஏதோ சொன்னார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கேக்கலைங்க! சத்தமாச் சொல்லுங்க!"

மாஸ்டர் அதே மாதிரிதான் சொன்னார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அருள்தாஸ் கிட்டே போனார். கேட்கவில்லை. இன்னும் கிட்டே போனார். அரைகுறையாகக் கேட்டது. பக்கத்திலேயே போய் நின்றார்.

"டீ ஆறுது. குடிங்க" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் குரலை உயர்த்தாமல்.

அருள்தாஸ் திரும்பி, தான் கிட்டே நடந்துவந்த தூரத்தைப் பார்த்தார்.

டீயைக் குடிக்கவில்லை. நேராக வண்டிக்குப் போய் டிக்கியிலிருந்த பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.

தட்டையாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டே இரண்டு சப்வூஃபர் வாங்கினார். முன் சீட்டுகளுக்கு அடியில், உட்காருகிற ஆளின் இடுப்புக்குக் கீழேயே வைத்து இறுக்கினார். டாப்பைத் திறந்துவைத்தே மீட்டரைப் பார்த்தார். சரியாக இருந்தது. வண்டியைக் கிருபாகரனிடம் கொடுத்தார்.

கிருபாகரன் அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"எப்படிங்க இருக்குது?"

"முதுகுல அடிக்குது. நெஞ்சுல அடிக்குது. டாப் தொறந்தும் அப்படியே நிக்குது. பிரமாதம்."

"அப்புறம் ஏனுங்க மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னேன். ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலை."

அருள்தாஸ் குனிந்து சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"டிக்கியில மொதல்ல வெச்சிருந்தீங்களே, அந்தப் பெட்டியவே திரும்ப வெச்சுருங்க" என்றார் கிருபாகரன். "நாளைக்கு வர்றேன். உங்களால ஆகாதுன்னா சொல்லிருங்க, எதிர்க்கடையில குடுத்துக்கறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அருள்தாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். அழாத குறை.

"என் ஆயுசுல செஞ்ச நல்ல வேலைங்க இது, மாஸ்டர். ஆனா சீட்டுக்கு அடியில கெடக்குது. ரோட்டுல போற ஒருத்தனுக்கும் தெரியாது. யார் செஞ்சதுன்னு யாரும் கேக்கப்போறதில்லை. பழைய பெட்டியையே வெச்சுரட்டுங்களா?"

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"மீட்டர்ல கரெக்டா இருந்துச்சுங்க."

"மீட்டருக்கு இருந்துச்சு. உங்களுக்கு?"

அருள்தாஸ் டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். வண்டி அவர் கையில் இத்தனை நாள் இருந்தது. டாப்பைத் திறந்து, பாட்டைப் போட்டு, அதில் ஒரு தடவைகூட அவர் போகவில்லை.

மாஸ்டர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க."

மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு டாப்பைத் திறந்தார். ஏதோ ஒரு தவில் கச்சேரியைப் போட்டார்.

வண்டி குளத்தோரச் சாலையில் திரும்பியது. முதல் அடி விழுந்ததுமே அருள்தாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவில் சீட்டு வழியாக ஏறி முதுகில் பேசியது. தலைக்கு மேலே ஒன்றுமில்லை. குளத்துக் காற்று, சாயங்கால வெயில், அவ்வளவுதான். கனத்த அடி ஒவ்வொன்றும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனது. அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கால் தானாகவே தாளம் போட்டது.

சிக்னலில் நின்றார்கள். வலது பக்கம் டவுன் பஸ், இடது பக்கம் ஸ்கூட்டர்கள். பச்சை விழுந்தது. போனார்கள். மேம்பாலம் ஏறி இறங்கி, இன்னும் இரண்டு சிக்னல் தாண்டி, மெதுவாக ஷெட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

"யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களா?"

அருள்தாஸ் யோசித்தார்.

"அதைக் கவனிக்கவே மறந்துட்டனுங்க, மாஸ்டர்."